சேத்தின் படகு

புதிய வெதர்லி, மாசச்சூசெட்ஸ் விரிகுடா
1636 ஜூன் 12

என் பிரியமான டோர்கஸுக்கு,

உன் வீட்டுக்காரன் ஏபல் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உயிரோடு இருக்கிறேன், எந்நேரமும் பசியோடும் இருக்கிறேன். நீயும் உன் அண்ணன் ஜைல்ஸும் பசுவும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீடு எழும்பிவிட்டது. கீழே ஒரு அறை, மேலே ஒரு பரண், நடுவில் நல்ல அடுப்பு. பரணுக்கு ஏறும் வழியைக் கொஞ்சம் குட்டையாக வைத்துவிட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் ஜெப்தா கோல்மன் வந்து பார்த்து, "ஏம்ப்பா தச்சரே, உன் பொண்டாட்டி என்ன தவழ்ந்தா மேல போவா?" என்று கேட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி சூசன் எனக்குத் தினமும் மக்காச்சோளக் கஞ்சி ஊற்றுகிறாள். தனி ஆண் தனி வீட்டில் இருக்கக்கூடாது என்பது இங்கே கட்டளை. அதனால் என் வீட்டைக் கட்டி முடித்தும் நான் அடுத்தவர் வீட்டில் படுத்திருக்கிறேன்.

இன்னொரு கட்டளையும் உண்டு, அது உன்னைப் பற்றியது. மனைவியை அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்தவன் அவளை வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலேறி அவளிடமே திரும்ப வேண்டும். மன்றத்தில் என் பெயரையும் வாசித்துவிட்டார்கள். நீ சீக்கிரம் வந்தால்தான் எனக்கு இங்கே காலூன்ற முடியும்.

சோளக் குழிக்கு ஒரு மீனைப் புதைத்து விதைக்கிறோம். நாய்கள் தோண்டித் தின்றுவிடுமென்று விதைப்பு முடியும்வரை ஒவ்வொரு நாய்க்கும் ஒரு முன்னங்காலைக் கழுத்தோடு கட்டிவிடுகிறார்கள். ஊர் முழுக்க நாய்கள் நொண்டிக்கொண்டு திரிகின்றன. நாங்கள் உழும் நிலமோ ஏற்கெனவே யாரோ திருத்தி வைத்தது. இந்நாட்டு மக்களின் ஊர் ஒன்று இங்கே இருந்ததாம். பெரியம்மை வந்து பிள்ளைகுட்டியோடு எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். கர்த்தர் நமக்காக இடத்தை ஒழித்துக் கொடுத்தார் என்று போதகர் சொல்கிறார்.

வரும்போது ஆளிவிதை எண்ணெய் ஒரு ஜாடி, சன்னலுக்குக் கெட்டியான காகிதம், ஆணி, டர்னிப் விதை கொண்டு வா. இங்கே கண்ணாடி கிடையாது. காகிதத்தில் எண்ணெய் தடவி ஒட்டினால் வெளிச்சம் வரும். அதுவரை நம் சன்னலைப் பலகையால் அடைத்து வைத்திருக்கிறேன்.

உன்னை நினைக்காத வேளை இல்லாத,
ஏபல் ஸ்டெபிங்

*

வெதர்லி, சஃபோக்
1637 மார்ச் 3

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

டோர்கஸ் சொல்ல அண்ணன் ஜைல்ஸ் எழுதுவது. நான் சொல்வதை அப்படியே எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார், ஆனால் பாதியில் தானாகவே சிரிக்கிறார். உங்கள் கடிதம் ஆலைக்காரர், போதகர், கொல்லர் எல்லோர் கையிலும் புரண்டு என்னிடம் வந்தது. நான் வாசிக்கும் முன்பே என் வீட்டுப் பரண் குட்டை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தவழ்ந்து ஏற மாட்டேன். நீங்கள்தான் உயர்த்திக் கட்ட வேண்டும்.

ஊரின் பெயரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இங்கே ஒரு வெதர்லி இருக்கும்போது அங்கே எதற்கு இன்னொன்று என்று ஆலைக்காரர் கேட்கிறார். "பழசுல என்ன ஓட்டையாம்?" என்கிறார்.

பசுவை விற்றுவிட்டேன். புது வீட்டுக்காரியிடம் போகாமல் இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கடல் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் வருகிறேன். இந்த வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுச் சலித்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் நம் பிள்ளை சேத்தின் பெயர் இல்லை. நொண்டி நாய்களைப் பற்றி எழுதும்போது, பிள்ளை இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். நானும் நினைத்தேன். அவனைப் புதைத்த இடத்தில் புல் மண்டாமல் பார்த்துக்கொள்ள அண்ணன் ஒத்துக்கொண்டார். (ஆம், ஒத்துக்கொண்டேன். ஜைல்ஸ்.) அவனுடைய கம்பளிக் குல்லாயையும், நீங்கள் செதுக்கிக் கொடுத்த படகையும் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஜாடிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

எந்தக் கப்பல், எந்தத் துறை என்று எழுதுங்கள்.

உங்கள்,
டோர்கஸ்

*

புதிய வெதர்லி
1637 ஜூலை 20

என் கண்ணான டோர்கஸுக்கு,

நீ வருகிறேன் என்று எழுதிய வரியை மடிப்புக் கிழியும்வரை வாசித்துவிட்டேன். பரணை உயர்த்திவிட்டேன். இனி நீ நிமிர்ந்தே ஏறலாம்.

சந்தோஷச் செய்தி ஒன்று. என்னைச் சபையில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே ஊரில் குடியிருப்பவர் எல்லோரும் சபையார் ஆகிவிட முடியாது. ஊர் கூடியிருக்கும் கூடத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தன்னை எப்படித் தொட்டார் என்று ஒருவன் சாட்சி சொல்ல வேண்டும். மூப்பர்கள் கேள்வி கேட்பார்கள். மனதுக்குத் திருப்தியானால்தான் கையை நீட்டுவார்கள். இரண்டு தரம் எழுந்து நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் நான். இந்தத் தரம் பேசினேன். பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இனி ஊர்க் காரியத்தில் என் சொல்லுக்கும் இடமுண்டு. நமக்குக் கர்த்தர் இன்னொரு பிள்ளையைத் தந்தால் இங்கே ஞானஸ்நானம் கிடைக்கும். என்ன பேசினேன் என்பதை நீ வந்த பிறகு நேரில் சொல்கிறேன்.

துக்கச் செய்தியும் ஒன்று. ஜெப்தா மரம் விழுந்து போய்விட்டார். சூசன் இங்கே இருக்க மனமில்லாமல் இலையுதிர்காலத்துக் கப்பலில் ஊர் திரும்புகிறாள். அவள் தம்பி உன் பக்கத்து இப்ஸ்விச் துறையில் சத்திரம் நடத்துகிறான். வசந்தத்தில் அங்கிருந்துதான் உன் கப்பல். காற்றுக்குக் காத்திருக்கும் நாளெல்லாம் நீ அவளோடு தங்கு. நம் வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றி, என்னைப் பற்றிக் கேள். நல்ல மனுஷி, எதையும் மறைக்கத் தெரியாதவள்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
ஏபல்

*

வெதர்லி
1638 மே 9

ஏபலுக்கு,

இதை என் கையாலேயே எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு எழுதத் தெரியாது, கோழி கிளறியது போலிருக்கும். ஆனால் இதை அண்ணனிடம் சொல்லி எழுத வைக்க முடியாது.

நான் ஏறவில்லை. என் பெட்டி கப்பலில் ஏறிவிட்டது. கூலிக்காரர்களைக் கெஞ்சித் திரும்ப இறக்கினேன்.

சூசன் என்னைத் தங்கையைப் போல வைத்துக்கொண்டாள். நீங்கள் சொன்னபடியே எல்லாம் கேட்டேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அடியே, நீ குடுத்து வச்சவடி. உன் வீட்டுக்காரர் சாட்சி சொன்ன அன்னைக்கு எங்க ஜெப்தாவே அழுதுட்டாருன்னா பாத்துக்கோ!"

"அப்படி என்ன சொன்னாரு?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா? பிள்ளை கதையைத்தான். வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாள்ல பொம்மைப் படகு செதுக்குன பாவத்துக்குக் கர்த்தர் பிள்ளையை அந்தப் படகாலயே எடுத்துக்கிட்டாரு, பிள்ளையை எடுத்து என் ஆத்துமாவைக் குடுத்தாரு, அதுக்கு நன்றி சொல்றேன்னாரு. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நன்றி சொன்னாருடி. நீயும் போனதும் அதைத்தானே சொல்லணும்? பொம்பளைங்க எல்லாம் உன் சாட்சியைக் கேக்கத்தான் காத்திருக்காங்க."

நன்றி. அந்த ஒரு சொல்லை நான் இங்கே வரும்வரை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன். சேத்தை ஆலைக்குளத்திலிருந்து தூக்கி வந்து மேசையில் கிடத்தியபோது அவன் தலைமயிரை நான்தான் துவட்டினேன். நீங்கள் சுவரைப் பார்த்து நின்றீர்கள். அப்போதும் உள்ளே நன்றி சொல்லிக்கொண்டுதான் நின்றீர்களா?

அம்மை வந்து செத்தவர்களின் வயலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கர்த்தர் இடம் ஒழித்துக் கொடுத்தார் என்று. அப்போது அதை நான் சும்மா வாசித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது அந்த ஊர்த் தாய்மார்களை நினைக்கிறேன். அவர்களில் ஒருத்தி மிஞ்சியிருந்தால் அவள் எதிரிலும் கையைத் தூக்கி நன்றி சொல்வீர்களா?

அப்படிச் சொல்லவில்லை, சூசன் தப்பாகக் கேட்டாள் என்று எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

டோர்கஸ்

*

புதிய வெதர்லி
1638 ஆகஸ்ட் 28

டோர்கஸ், என் டோர்கஸ்,

கப்பல் தெரிந்ததும் ஓடினேன். இறங்கியவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தேன். கடைசி ஆளும் இறங்கிய பிறகு மாலுமி கடிதத்தை நீட்டினான்.

சூசன் தப்பாகக் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

ஆனால் உன் பெயரை எடுக்கவே இல்லை. பிள்ளை பல்வலியில் அழுகிறான், எதையாவது செதுக்கிக் கொடுங்கள் என்று அன்றைக்குக் கேட்டது நீ. யாரும் பார்த்துவிடாமல் சன்னலைச் சாத்தியதும் நீ. அதை நான் சொல்லவில்லை. பாவம் முழுவதையும் என் தலையில் போட்டுக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன்.

நான் சுவரைப் பார்த்து நின்றதைக் கேட்கிறாய். அன்று என்னுள் நன்றி இல்லை, ஒன்றுமே இல்லை. இங்கே வந்த முதல் குளிர்காலம் முழுவதும் உளியை எடுத்தாலே கை நடுங்கியது. மரத்தில் படகு தெரிந்தது. தச்சனுக்கு உளி பிடிக்க முடியாமல் போனால் அவன் என்ன மனுஷன்? அப்போதுதான் போதகர் சொன்னார்: "ஏபல், கர்த்தர் எதையும் வீணா எடுக்கறதில்ல. எதுக்கு எடுத்தாருன்னு கேளு." கேட்டேன். பதில் கிடைத்தது. மறுநாள் கை நின்றது. அதுதான் நடந்தது. என் பாவத்துக்காக இல்லையென்றால், என் ஆத்துமாவுக்காக இல்லையென்றால், அவன் எதற்காகச் செத்தான்? நீயே சொல். அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் என் கையில் என்ன இருக்கும்?

நீ கூடத்தில் நிற்க வேண்டாம். பெண்கள் போதகர் வீட்டில் தனியாகச் சொன்னால் போதும், அவர் எழுதி வாசித்துவிடுவார். மூப்பர்களிடம் பேசிவிட்டேன்.

மன்றம் என்னை மறுபடி கூப்பிட்டது. அடுத்த ஆண்டுக்குள் மனைவி வர வேண்டும், அல்லது நான் போக வேண்டும். சன்னலில் இன்னும் பலகைதான் இருக்கிறது. வந்துவிடு.

ஏபல்

*

வெதர்லி
1639 மார்ச் 17

ஏபலுக்கு,

உங்கள் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. அந்த இடத்தை வாசித்தபோது பாதிக் கோபம் போய்விட்டது, அழுதேன். அந்தக் குளிர்காலத்தில் நான் உங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மீதிப் பாதி போகவில்லை. என் பெயரை எடுக்காமல் காப்பாற்றினேன் என்கிறீர்கள். நான் மறைக்க வேண்டிய ஆளா? ஆம், நான்தான் கேட்டேன். பிள்ளை கன்னம் வீங்கி, மதியம் முழுக்க அழுதான். நீங்கள் கத்தியை எடுத்ததும் அழுகை நின்றது. மரச்சீவல் ஒவ்வொன்றும் விழ விழ அவன் பொறுக்கிக் குல்லாயில் சேர்த்தான். "அப்பா, இதுக்குப் பாய்மரம் வேணும்" என்றான். நீங்கள் என் தலைத்துணியிலிருந்து ஒரு மூலையைக் கிழித்து வைத்தீர்கள், நான் கத்தினேன், மூவரும் சிரித்தோம். வீங்கிய கன்னத்தோடு அவன் ஒரு பக்கமாகச் சிரித்தான். அவன் உயிரோடிருந்த கடைசி முழு நாள் அது, நல்ல நாள். அதை எடுத்து அந்நியர்கள் முன்னால் பாவம் என்று வைத்துவிட்டீர்கள்.

எதற்காகச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ராத்திரி மழை பெய்திருந்தது. ஆலைக்குளத்துக் கரை வழுக்கியது. படகு கைக்கெட்டாமல் போனது, எட்டிப் பிடித்தான், வழுக்கி விழுந்தான். அவ்வளவுதான். நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் ஒரு தச்சனை எழுப்புவதற்காக ஆறு வயதுப் பிள்ளையைத் தண்ணீரில் அமுக்குகிற கர்த்தரை எனக்குத் தெரியாது.

போதகர் வீட்டிலும் நான் அதைச் சொல்ல மாட்டேன். யாரும் இல்லாத காட்டிலும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே கூடத்தில் அதே இடத்தில் எழுந்து நில்லுங்கள். "என் பிள்ளை வழுக்கி விழுந்தான்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அடுத்த கப்பலில் வருகிறேன், கடல் என்ன செய்தாலும் சரி. அதற்காக உங்களை அங்கிருந்து துரத்தினால் இங்கே வாருங்கள். இது உங்கள் வீடு, அடுப்பு எரிகிறது. பசுவையும் திரும்ப வாங்கிவிடலாம், இன்னும் என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறது.

உங்கள்,
டோர்கஸ்

*

புதிய வெதர்லி
1639 அக்டோபர் 6

டோர்கஸுக்கு,

முயன்றேன். அதை நீ நம்ப வேண்டும்.

கூட்டத்துக்கு மேளம் அடித்தார்கள். போனேன். போதகர் முடித்ததும் எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் பிள்ளை" என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை வருமுன் கரை கண்ணுக்கு முன்னால் வந்தது. மழை, சேறு, அவன் கால். அவ்வளவுதான் என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்தில் எனக்கு நிற்கத் தரையில்லை. உட்கார்ந்துவிட்டேன். மூப்பர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "துக்கம் இன்னும் ஆறலையா ஏபல்?" என்றார். தலையாட்டினேன். எழுந்ததன் காரணம் யாருக்கும் தெரியாது.

நான் கோழை என்று சொல். ஆனால் பொய்யன் என்று சொல்லாதே. நான் அதை நம்புகிறேன், டோர்கஸ். நம்பாமல் என்னால் காலையில் எழுந்திருக்க முடியாது. நீ நம்பினால் உன்னால் எழுந்திருக்க முடியாது. இதை எப்படி ஒரு கூரைக்குள் வைப்பது என்று எந்த மூப்பரிடமும் கேட்க முடியவில்லை.

அந்தக் குளத்தைத் தாண்டித்தான் நம் பழைய வீட்டுக்கு வர வேண்டும். அதனால் வர முடியாது. இங்கே மன்றம் கோடைவரை தவணை கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு பிடித்துக் கப்பலேற்றுவார்கள், அல்லது நான் ஆற்றுக்கு மேலே மன்றம் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். இந்த வீட்டை விட்டு.

நீ எதையும் சொல்லாமலே வா. நானும் இனி அவன் பெயரை எடுக்க மாட்டேன். பேசாமலே இருப்போம்.

ஏபல்

*

வெதர்லி
1640 ஏப்ரல் 2

என் வீட்டுக்காரருக்கு,

உங்களைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். எழுந்து நின்றீர்களே, அதை நம்புகிறேன்.

அவன் பெயரை எடுக்காமல் இருப்போம் என்கிறீர்கள். என்னால் முடியாது. மாவு பிசையும்போது கூட நான் அவனோடு பேசுகிறவள். அந்த வீட்டில் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் குளத்தைப் பார்ப்பீர்கள். நீங்கள் ஜெபிக்கும்போதெல்லாம் நான் அந்த நன்றியைக் கேட்பேன். நான் வரவில்லை.

இதோடு இன்னொரு தாள் இருக்கிறது, அண்ணன் கையெழுத்து. நம் ஊர்ப் போதகரும் ஒப்பமிட்டிருக்கிறார். கணவர் பலமுறை அழைத்தும் மனைவி பிடிவாதமாக வர மறுத்தாள், குற்றம் முழுவதும் அவளுடையது என்று எழுதியிருக்கிறது. அதை மன்றத்தில் காட்டுங்கள். உங்களைக் கப்பலேற்ற மாட்டார்கள். அந்த வீட்டிலேயே இருங்கள், உயர்த்திக் கட்டிய பரணோடு. என்னைப் பற்றி அவர்கள் என்ன பேசினாலும் எனக்கு இங்கே கேட்காது. அண்ணன் எழுதும்போது ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை.

நீங்கள் கேட்ட சாமானெல்லாம் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். ஆணி, காகிதம், எண்ணெய், டர்னிப் விதை. விதை பழையதல்ல, போன அறுப்பில் நானே எடுத்தது. இரண்டு கம்பளிக் காலுறையும் இருக்கின்றன. குல்லாயையும் படகையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் எதற்காகப் போனான் என்பது உங்களிடம் இருக்கட்டும். அவன் என்னிடம் இருக்கட்டும்.

சன்னல் பலகையைக் கழற்றுங்கள். இத்தனை நாள் இருட்டில் இருந்தது போதும். எண்ணெயைக் காகிதத்தின் இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்ட பிறகு ஒட்ட வேண்டும், அவசரப்படுவீர்கள், எனக்குத் தெரியும். ஜாடி பெட்டியின் மேல்பக்கம் வலது மூலையில் இருக்கிறது. சாய்க்காமல் திறங்கள்.

டோர்கஸ்